கழுவாத ஸ்பாஞ்ச்

பூந்தமல்லி பஸ் நிலையத்தில் இறங்கி, "கலீல் ரகுமான் மெத்தைக் கடை எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். உதட்டைப் பிதுக்குவார்கள். அதே ஆளிடம் "மீனக்கா வீட்டுக்காரர் கடை" என்று கேளுங்கள். கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். என் அத்தா ஆரம்பித்த கடை. பலகையில் கொட்டை எழுத்தில் என் பெயர்தான் இருக்கிறது. ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது போனில் வழி கேட்கிறவர்களுக்கு நானே "மீனக்கா வீட்டுக்காரர் கடைன்னு கேளுங்க" என்று சொல்லிவிடுகிறேன்.

மீனக்கா என்பது என் மனைவி நசீம் பானு. பிறர் வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் இருக்கும் மீன்களைப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு வாளி, தோளில் ரப்பர் குழாய், இடுப்பில் செருகிய முந்தானை. அம்பத்தூர், ஆவடி, பாடி என்று காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவாள். இது போக, வானகரத்தில் கிருபாகரன் என்பவர் நடத்தும் மீன் காட்சியகம் முழுவதும் அவள் பொறுப்பு. அவளைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன? என் பெண்டாட்டியைப் பற்றி நான் பெருமை அடிக்காமல் பக்கத்துக் கடைக்காரரா அடிப்பார்?

எங்கள் மகள் ஷிபா சின்னப் பிள்ளையாக இருந்தபோது பொருட்காட்சியில் ஒரு தங்கமீன் வாங்கி வந்தாள். பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு கொடுத்தார்கள். ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அதில் விட்டோம். இரண்டு நாளில் மீன் மல்லாந்தது. பிள்ளை அழுதாள், நான் வேறு வாங்கித் தருகிறேன் என்றேன். நசீம் மட்டும் அந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாள் கடைவீதியில் மீன் விற்கிறவரிடம் போய் நின்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "அது அப்டித்தான் சாவும்க்கா. வேற ஒண்ணு எத்துக்கினு போ" என்றாராம்.

அந்த வார்த்தைதான் அவளைக் கெடுத்தது. அல்லது உருப்பட வைத்தது. "அது இன்னாங்க, அப்டித்தான் சாவும்? உசிரு இல்லியா அதுக்கு?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள், ஏதோ மீனை நான் கொன்ற மாதிரி. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூட்டிக்கொண்டு கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போக ஆரம்பித்தாள். வாங்க மாட்டாள். ஒவ்வொரு கடையாக நின்று கேள்வி கேட்பாள். கடைக்காரர்கள் அவளைக் கண்டதும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். நான் வாசலில் செருப்பு தேயத் தேய நிற்பேன்.

அப்படிக் கேட்டுக் கேட்டு அவள் தெரிந்துகொண்ட சங்கதி இதுதான். மீன் தன் தண்ணீரிலேயேதான் சிறுநீர் கழிக்கிறது, அதையேதான் சுவாசிக்கிறது. அந்த அழுக்கு அப்படியே நின்றால் விஷம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வந்து அதைத் தின்றுதான் தண்ணீரை நல்லதாக்குகின்றன. அந்த நுண்ணுயிர்களுக்கு ஒட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அதற்குத்தான் தொட்டிக்குள் ஸ்பாஞ்ச் வைத்து, மோட்டார் போட்டு, தண்ணீரை அதன் வழியாக இழுக்கிறார்கள். ஸ்பாஞ்ச் பழகப் பழக பழுப்பாகி, வழவழவென்று ஆகும். பார்க்கச் சகிக்காது. அதுதான் மீனின் உயிர்.

ஸ்பாஞ்ச் என்றதும் அவள் கண் என் கடை மேல் விழுந்தது. சோபாவுக்கும் மெத்தைக்கும் வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளை மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போனாள். வாரக்கணக்கில் ஊறவைத்து, பிழிந்து, மோந்து பார்த்து, அதன் பிறகுதான் தொட்டியில் இறக்குவாள். இன்றைக்கு இந்தப் பக்கத்தில் அவள் பார்த்துக்கொள்ளும் எல்லாத் தொட்டிகளிலும் கிடப்பது என் கடை ஸ்பாஞ்ச்தான். ஒவ்வொரு தொட்டியிலும் இரண்டு துண்டு. ஒன்றைப் பிழிந்தால் இன்னொன்றைத் தொடக் கூடாது. அதையும் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. தொட்டித் தண்ணீரிலேயே முக்கி ஒரு பிழி, அவ்வளவுதான். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். இந்தச் சட்டத்தை மீறிய வீட்டுக்கு அவள் அடுத்த வாரம் போக மாட்டாள். எத்தனை முறை போன் செய்தாலும் எடுக்க மாட்டாள்.

கோபக்காரி. அதை மறைத்து எழுதினால் நீங்கள் நேரில் பார்க்கும்போது என்னைத்தான் திட்டுவீர்கள். மீன் செத்துப்போனால் "வீட்டுக்கு வந்த திருஷ்டியை அது வாங்கிக்கிச்சு" என்று சொல்லும் பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. அதற்காகவே மீன் வளர்க்கிறவர்களும் உண்டு. அவளிடம் அதைச் சொன்னால் தீர்ந்தது. "மாசக்கணக்கா தண்ணி மாத்தாம உட்டுட்டு திருஷ்டி மேல பழி போடுறீங்களே, உங்களயும் ஒரு ரூம்ல போட்டு கக்கூஸ அடச்சி வெச்சா தெரியும்" என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறாள். கேட்டது ஒரு வக்கீல் வீட்டில். அவர்கள் இன்றைக்கும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

எங்கள் வீட்டின் கதியைச் சொல்லவே வேண்டாம். கூடம் முழுக்க மீன் தொட்டிகள். மொட்டை மாடியில் மழைத் தண்ணீர் பிடித்த டிரம்கள். பள்ளிவாசல் வளாகத்தில் இருக்கும் பாதாம் மரத்தின் காய்ந்த இலைகளை, பாங்கு சொல்லும் மோதினார் கூட்டி ஒதுக்கிவைத்து, "மீனம்மா கிட்ட குடுத்துடு பாய்" என்று என்னிடம் கொடுத்தனுப்புவார். அதை ஊறவைத்தால் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். சில மீன்களுக்கு அது மருந்து. பிரிட்ஜைத் திறந்தால் பாதிக்கு மேல் மீன் தீனி. ஒரு நாள் நல்ல பசி. பிரீசரில் கைமா கட்டியாக இருந்தது. எடுத்து வெங்காயம் போட்டு வதக்கி, ரொட்டியோடு சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவள் வந்தாள். மாட்டு இதயத்தையும் கீரையையும் பூண்டையும் அரைத்து டிஸ்கஸ் மீனுக்காக அவள் செய்து வைத்ததாம் அது. என் உடம்புக்கு என்ன ஆகுமோ என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அதுங்களுக்கு இப்ப இன்னா குடுப்பேன்?" என்று தலையில் கை வைத்தாள். சும்மா சொல்லக் கூடாது, ருசி நன்றாகத்தான் இருந்தது.

டிஸ்கஸ் என்பது தட்டையாக, வட்டமாக, ஒரு சாசரை நிமிர்த்தி வைத்தது போல இருக்கும் மீன். நீலமும் ஆரஞ்சுமாக உடம்பு முழுக்கக் கோலம் போட்டிருக்கும். அதன் அழகைவிட எனக்கு அதிசயமாகத் தெரிந்தது அது குஞ்சு வளர்க்கும் விதம். பொரிந்த குஞ்சுகள் நீந்த ஆரம்பித்ததும் தாயின் உடம்பில் வந்து ஒட்டிக்கொள்ளும். தாயின் தோலில் ஊறும் வழுவழுப்புதான் அவற்றுக்குப் பால். கொஞ்ச நேரம் ஊட்டிவிட்டுத் தாய் உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பும். உடனே குஞ்சுகள் எல்லாம் கூட்டமாக ஓடித் தகப்பன் மேல் ஒட்டிக்கொள்ளும். தகப்பனும் ஊட்டும். எங்கள் வீட்டில் ஷிபா பிறந்தபோது நான் இந்த அளவுக்குச் செய்ததில்லை என்று நசீம் அடிக்கடி குத்திக்காட்டுவாள்.

ஆனால் பொல்லாத மீன். தண்ணீரில் ஒரு சின்ன மாற்றம் என்றால் போதும், கறுத்துப்போய் மூலையில் ஒதுங்கிவிடும். பயந்துவிட்டால் தன் முட்டையைத் தானே தின்றுவிடும். கொளத்தூரில் தனி அறை கட்டி வளர்க்கிறவர்களே அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். நசீமோ அதைக் கிருபாகரனின் காட்சியகத்தில், பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போகிற இடத்தில், எல்லாரும் பார்க்கக் குஞ்சு பொரிக்க வைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

கிருபாகரன் நல்ல மனிதர்தான். பைபாஸ் பக்கத்தில் இருந்த தன் கல்யாண மண்டபத்தைக் காட்சியகமாக மாற்றியவர். மணமேடை இருந்த இடத்தில் இப்போது ஆமைகள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து பார்க்கிறார்கள். ஆனால் நடுக்கூடத்துப் பெரிய தொட்டியில் இருந்த டிஸ்கஸ் ஜோடி, முட்டையிடுவதும் தின்பதுமாகவே இருந்தது. கடைசியில் அவர் சொல்லிவிட்டார்: "நசீமக்கா, இந்தத் தபாவும் ஒண்ணும் ஆவலன்னா அந்தத் தொட்டிய எடுத்துடலாம். அந்தச் செவுத்துல ரெண்டு பெரிய எறக்க வரஞ்சி வெச்சா பசங்க நின்னு செல்ஃபி எடுத்துக்கும். மனசுல வெச்சிக்காதீங்க."

மனசில் வைத்துக்கொள்ளாமல் இருக்க அவளால் முடியுமா? தொட்டியின் மூன்று பக்கமும் கறுப்புத் துணி ஒட்டினாள். கூட்டத்தைத் தள்ளி நிற்கவைக்கக் கயிறு கட்டினாள். வீட்டிலிருந்து மழைத் தண்ணீரைக் கேனில் சுமந்து போனாள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் குஞ்சுகள் பொரிந்தன. அவை தாயின் மேல் ஏறிய அன்று காட்சியகத்திலிருந்து எனக்கு வீடியோ கால் செய்தாள். முகத்தைக் காட்டவில்லை, தொட்டியைத்தான் காட்டினாள். தாய் மீனின் உடம்பு முழுவதும் எள் தூவியது போல இருந்தது. "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்ற குரல் மட்டும் கேட்டது. அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. பூஜை விடுமுறை முடிந்ததும் முதல் பள்ளிக்கூட பஸ் வந்து பார்க்கும் என்று கிருபாகரனும் சந்தோஷமாகச் சொல்லிவிட்டார்.

இப்போது லட்சுமணனைச் சொல்ல வேண்டும். காட்சியகத்தில் மோட்டார், கரண்ட், குழாய் எல்லாம் அவர் பொறுப்பு. பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷினில் நின்று ஓய்வு பெற்றவர். அவருக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம் ஒரு பக்கம்; ஆயுத பூஜை ஒரு பக்கம். வருடம் முழுக்க நமக்கு உழைத்த கருவிகளைக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, அன்று ஒரு நாள் ஓய்வு கொடுப்பது அவருக்கு உயிர். பூஜையில் வைத்த ஸ்பேனரை மறுநாள் வரை தொட மாட்டார். காட்சியகத்தில் அவருக்கு அதுதான் முதல் ஆயுத பூஜை.

அன்று காட்சியகத்துக்கு விடுமுறை. முந்தின நாள் சாயங்காலம் நசீம் எல்லா மீனுக்கும் தீனி போட்டு, தண்ணீரைப் பார்த்து, குஞ்சுகளிடம் சொல்லிக்கொண்டுதான் வந்திருந்தாள். பூஜையன்று காலை நாங்கள் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் போனில் லட்சுமணன் அனுப்பிய படம் வந்தது. கீழே கும்பிடும் கை பொம்மைகள் வரிசையாக.

படத்தில் பெரிய வாழை இலை. அதன் மேல் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், எல்லாம் பளபளவென்று. பின்னால் மோட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு, சாமந்திச் சரம். இலையின் நடுவில் வரிசையாக ஏதோ வெள்ளை வெளேர் என்று இருந்தது. நான் இட்லி என்று நினைத்தேன்.

நசீம் கையிலிருந்த புரோட்டாத் துண்டு தட்டில் விழுந்தது. "அது ஸ்பாஞ்சுங்க" என்றாள். "எல்லா தொட்டி ஸ்பாஞ்சும். கழுவிட்டாரு."

உடனே போன் போட்டாள். லட்சுமணன் குரலில் அவ்வளவு சந்தோஷம். "தங்கச்சி, படம் பாத்தியா? நேத்து ராத்திரியே ஆரம்பிச்சிட்டேன். இன்னா அழுக்கு, இன்னா அழுக்கு! சோப்புத் தூள் போட்டு, பிளீச்சிங் போட்டு, நல்லா அலசி, காயவெச்சி, புதுசாட்டம் பண்ணிட்டேன்."

"அண்ணே, மோட்டாரு ஓடுதா?"

"காலைல பூச முடிஞ்சதும் நிறுத்திட்டேன்மா. வருசம் பூரா ஓடிகினே கீதுங்க, இன்னிக்கு ஒரு நாளாச்சும் தூங்கட்டுமே."

நசீம் கத்தப்போகிறாள் என்று போனைப் பிடுங்கக் கை நீட்டினேன். வக்கீலையே விடாதவள். ஆனால் அவள் கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்து, மெதுவாகப் பேசினாள். "அண்ணே, நான் சொல்றத கேளுங்க. மோட்டார் தூங்கினா மீனுக்கு மூச்சு நின்னு பூடும். எல்லா மோட்டாரயும் போட்டு உடுங்க. ஹீட்டரயும் போடுங்க. நான் வந்துகினே கீறேன்."

பூஜையில் வைத்ததை அன்றே எடுத்து ஓட்டுவதாவது. லட்சுமணன் மனசு எவ்வளவு அடித்துக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். "சாமி கோச்சிக்கும்மா" என்றார், குழந்தை மாதிரி.

"கோச்சிக்காதுண்ணே. உசிரக் காப்பாத்துறதுக்கு எந்த சாமியும் கோச்சிக்காது. உங்க சாமியும் கோச்சிக்காது, என் அல்லாவும் கோச்சிக்க மாட்டான். போடுங்க."

சற்று நேரத்தில் போன் வழியாகவே மோட்டார்களின் இரைச்சல் ஒவ்வொன்றாகக் கேட்டது.

இரைச்சல் கேட்டால் மட்டும் போதாது. மீனின் அழுக்கைத் தின்ன வேண்டிய நுண்ணுயிர்கள் பிளீச்சிங் பவுடரில் செத்துவிட்டன. மோட்டார் ஓடினாலும் சாயங்காலத்துக்குள் தண்ணீர் விஷமாக ஆரம்பித்துவிடும். புது ஸ்பாஞ்ச் பழக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். "டிஸ்கஸ மட்டும் எடுத்துக்கினு நம்ம ஊட்டுக்கு வந்துடலாமே" என்றேன். பையில் பிடித்தால் குஞ்சுகள் உதிர்ந்துவிடும், பயத்தில் தாயே தின்றுவிடும் என்றாள். மீன் நகரக் கூடாது. பழகிய ஸ்பாஞ்ச்தான் மீனிடம் போக வேண்டும்.

எங்கள் வீட்டுத் தொட்டிகளில் இருந்ததெல்லாம் டிஸ்கஸ் தொட்டிக்கே சரியாகப் போகும். மண்டபம் முழுக்க இருக்கும் மற்ற தொட்டிகளுக்கு? நசீம் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு போனை எடுத்து, தான் பார்த்துக்கொள்ளும் வீடுகளுக்கெல்லாம் போகும் வாட்ஸ்அப் குழுவில் பேசினாள். "எல்லாரும் கேளுங்க. வானகரத்துல மீனுங்க சாவப் பொழைக்கக் கெடக்குது. உங்க தொட்டில கீற ரெண்டு ஸ்பாஞ்சுல ஒண்ண எடுத்து, தொட்டித் தண்ணியோடயே பாத்திரத்துல போட்டு எடுத்துகினு வாங்க. கழுவாதீங்க. தயவு பண்ணி யாரும் கழுவாதீங்க."

பண்டிகை நாள். வீட்டில் சுண்டலும் பொரியும் வடையுமாக இருக்கும் நேரம். யார் வருவார்கள் என்று நான் நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மெத்தை ஏற்றும் குட்டியானை வண்டியில் மழைத் தண்ணீர் டிரம்களையும், வாளியில் மிதக்கும் எங்கள் வீட்டு ஸ்பாஞ்சுகளையும் ஏற்றினேன். சாலை முழுக்க உடைத்த பூசணிக்காய். வழியெல்லாம் லாரிகளில் வாழைக்கன்று. நசீம் பின்னால் டிரம்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என்னைத் திட்டினாள்.

காட்சியகத்தில் லட்சுமணன் வாசலிலேயே நின்றிருந்தார். நெற்றியில் விபூதி, தோளில் புதுத் துண்டு, முகம் செத்துப்போய் இருந்தது. நசீம் அவரைத் தாண்டி நேராக நடுக்கூடத்துக்கு ஓடினாள். டிஸ்கஸ் ஆண் கறுத்துப்போய் மூலையில் சாய்ந்திருந்தது. பெண் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. குஞ்சுகளில் கொஞ்சம் தொட்டியின் அடியில் கிடந்தன. மற்றவை அப்படியும் தாயை விடவில்லை.

நசீம் குழாய் போட்டுப் பாதித் தண்ணீரை இறக்கினாள். மழைத் தண்ணீரைச் சூடு பார்த்து, குஞ்சுகள் மேல் படாமல் கண்ணாடி ஓரமாக விட்டாள். எங்கள் வீட்டு ஸ்பாஞ்சுகளை, அந்தக் கறுத்த வழவழப்பான துண்டுகளை, ஒவ்வொன்றாக மோட்டாரின் வாயில் மாட்டினாள். ஒவ்வொன்றையும் லட்சுமணன்தான் எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தார்.

முதலில் வாசலில் வந்து நின்றது ஆவடி குவார்ட்டர்ஸ் கலைவாணி. கணவருக்கு ராணுவ டாங்க் தொழிற்சாலையில் வேலை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, கையில் சாம்பார் தூக்கு. தூக்கைத் திறந்தால் உள்ளே சேற்றுக் கட்டி போல ஸ்பாஞ்ச். "அக்கா, வீடெல்லாம் கழுவும்போது எங்க அத்தை இதையும் கழுவப் போனாங்க. கழுவினா மீனக்கா நம்ம வீட்டுப் படியேற மாட்டாங்கன்னு சொல்லித் தடுத்துட்டேன்லா" என்றாள்.

அப்புறம் வந்தார்கள் பாருங்கள். பால் கேன், டிபன் டப்பா, பொங்கல் பானை, பிளாஸ்டிக் பக்கெட். அம்பத்தூரிலிருந்து ஆட்டோ, பாடியிலிருந்து பைக். அந்த வக்கீல் தன் காரில், மடியில் சொம்பை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். ஊரே அன்றைக்குத் துடைத்துக் கழுவிப் பளபளவென்று இருந்தது. இவர்கள் மட்டும் நல்ல துணி உடுத்திக்கொண்டு, இருப்பதிலேயே அழுக்கான ஒரு பொருளைப் பத்திரமாகக் கொண்டுவந்து வரிசையில் நின்றார்கள். எல்லாம் என் கடைத் துண்டு.

நசீம் சும்மா வாங்கிவிடவில்லை. ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து, இது ஆமைக்கு, இது அரோவனா மீனுக்கு என்று பிரித்தாள். பாடி நாகேந்திரன் கொண்டுவந்ததை மட்டும் திருப்பிக் கொடுத்தாள். "உங்க ஊட்டு மீனுக்குப் போன வாரந்தான் வெள்ளப் புள்ளி நோவு வந்துச்சி. இத போட்டா இங்கயும் ஒட்டிக்கும்ணே." அவர் முகம் வாடிவிட்டது. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியிலிருந்து தண்ணீர் டிரம்களை இறக்க என்னோடு கை கொடுத்தார்.

கிருபாகரன் வந்து சேர்ந்தபோது மண்டபத்தில் கல்யாணக் கூட்டம் போல இருந்தது. என்ன நடந்தது என்று லட்சுமணனே சொன்னார். "நாந்தாங்க எல்லாத்தயும் கழுவினேன். நல்லது பண்றதா நெனச்சேன்" என்றார்.

கிருபாகரன் வாயைத் திறப்பதற்குள் நசீம் குறுக்கே வந்தாள். கை முழுக்கச் சேறு. "அண்ணன ஒண்ணும் சொல்லாதீங்க. அவருக்கு யாரு சொன்னது ஸ்பாஞ்சப் பத்தி? வூடு வூடா போயி சொன்னேன், இங்க சொல்லல. அவரு அதுங்கள பாசமாத்தான் குளிப்பாட்டிக்கீறாரு." இப்படிப் பேசுவாள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. லட்சுமணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பொழுது சாய்கிற நேரத்தில் டிஸ்கஸ் பெண் மேலேயிருந்து இறங்கியது. வாய் திறந்து மூடுவது குறைந்தது. எல்லாரும் கயிற்றுக்கு வெளியே, சொல்லாமலேயே, தள்ளி நின்றார்கள். யாரும் கண்ணாடியைத் தொடவில்லை. பிள்ளைகள்கூடப் பேசவில்லை. பெண் மீன் மெதுவாக நடுவுக்கு வந்தது. உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. குஞ்சுகள் அப்படியே கூட்டமாகக் கிளம்பி மூலைக்கு ஓடின. கறுத்திருந்த ஆண் ஒரு கணம் விலகியது, பிறகு நின்றது. அவை அதன் மேல் ஏறின. எங்கள் கண் முன்னாலேயே அதன் கறுப்பு வெளுத்து, நீலக் கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

"ஏத்துக்கிச்சி" என்றாள் நசீம். அவ்வளவுதான் சொன்னாள். கலைவாணி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பட்டுப் புடவையெல்லாம் சேறு. யாரோ கை தட்டப்போக, வக்கீல் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பூஜைக்கு வைத்திருந்த சுண்டலையும் பொரியையும் லட்சுமணன் எடுத்துவந்து எல்லாருக்கும் கொடுத்தார். முதல் பொட்டலம் நசீமுக்கு.

எல்லாக் குஞ்சும் பிழைக்கவில்லை. அதைச் சொல்லாவிட்டால் அவள் இதைப் படித்துவிட்டு என்னைப் பொய்யன் என்பாள். பாதிக்குமேல் பிழைத்தன. பள்ளிக்கூட பஸ் வந்தது. தகப்பனும் தாயும் மாறி மாறிப் பிள்ளைக்கு ஊட்டும் மீனைப் பார்க்கப் பிள்ளைகள் கயிற்றோரம் வாய் பிளந்து நின்றார்கள். இறக்கை வரையும் பேச்சைக் கிருபாகரன் அப்புறம் எடுக்கவே இல்லை. குஞ்சுகள் வளர்ந்து உள்ளங்கை அளவு ஆனதும், அன்று பாத்திரம் தூக்கி வந்தவர்களை நசீம் காட்சியகத்துக்குக் கூப்பிட்டுக் காட்டினாள். நாகேந்திரனையும் கூப்பிட்டாள்.

போன மாதம் மறுபடி ஆயுத பூஜை வந்தது. காலையில் நாஷ்டாவுக்கு உட்கார்ந்தோம். லட்சுமணனிடமிருந்து படம் வந்தது. நசீம் போனை எடுக்கத் தயங்கினாள், நான்தான் திறந்தேன்.

அதே வாழை இலை. ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், எல்லாம் பளபளவென்று. இலையின் நடுவில் ஒரு ஸ்டீல் கிண்ணம். கிண்ணத்தில் தொட்டித் தண்ணீர். அதில் கறுத்து, பழுத்து, வழவழவென்று, கழுவாத ஒரே ஒரு ஸ்பாஞ்ச். சந்தனமும் குங்குமமும் அதன் மேல் படாமல் கிண்ணத்தின் விளிம்பில் வைத்திருந்தார். சாமந்திச் சரமும் கிண்ணத்துக்குத்தான். படத்துக்குக் கீழே அவர் குரல் பதிவும் இருந்தது. அதில் முதலில் மோட்டார் ஓடும் இரைச்சல். பிறகு அவர்: "தங்கச்சி, எல்லாம் ஓடிகினே கீது. இத மட்டும் கும்புட்டுட்டு, உடனே தொட்டில உட்டுட்டேன்."

நசீம் அந்தப் பதிவை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டாள். புரோட்டா ஆறிப்போயிற்று. நான் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கடையில் என் பெயர்ப் பலகைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். மெத்தை வாங்க வருகிறவர்கள், "இன்னா பாய் இது, அழுக்கு?" என்று கேட்கிறார்கள். உட்காருங்கள், சொல்கிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போடுகிறேன்.